ஆதம்பாவா வளவின் மான்கள்

ஏறாவூரில் அடிபட்ட எந்த உயிரைக் கண்டாலும் ஆட்கள் ஆதம்பாவாவின் வளவுக்குத்தான் கொண்டுபோவார்கள். வாவியில் வலைக்குள் சிக்கிச் செட்டை முறிந்த கூழைக்கடா, வண்டிச் சில்லில் ஓடு வெடித்த ஆமை, தாயை இழந்து கத்திக்கொண்டிருந்த நீர்நாய்க் குட்டி எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. கொண்டுவருகிறவர்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "காக்கா, இத ஒருக்காப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்கள். முதலில் எப்போது அப்படிக் கொண்டுவரத் தொடங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவர் கொண்டுவந்தார், அவர் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள்.

அவருக்கு அதில் சந்தோசம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. முறிந்த செட்டைக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவார், மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுவார், மீன் குடலை அரிந்து வைப்பார். எதற்கும் பெயர் வைக்கமாட்டார். பிழைத்ததை விடுவார், செத்ததைத் தென்னையடியில் குழி தோண்டித் தாழ்ப்பார். இரண்டையும் முடித்துவிட்டு ஒரே மாதிரித்தான் கால் கழுவுவார். இரக்கம் என்று ஊரார் அதற்குப் பெயர் சொன்னார்கள். அவரைக் கேட்டிருந்தால் அந்தச் சொல்லை எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஊருக்கு இதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. ஆதம்பாவாவின் தொழில் அறுப்பது.

துவக்குச் சூட்டில் விழுந்த மான், உயிர் போகுமுன் அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுபட வேண்டும். இல்லாவிட்டால் இறைச்சி ஹறாம். ஆகவே ஊரின் பெரிய வயற்காரரான அலியார்ப் போடியாரின் வேட்டைகளில் சுடுகிறவருக்கு ஒரு விரல் வேலை, அறுக்கிறவருக்கோ முழு உடம்பும் வேலை. வெடி கேட்டதும் ஆதம்பாவா பற்றைகளைக் கிழித்துக்கொண்டு ஓடுவார். இடுப்புக் கத்தியை மிருகத்தின் கண்ணுக்குக் காட்டக்கூடாது என்பதால் முதுகுப் பக்கமாகப் போய்க் குனிவார். பெயரைச் சொல்வார், அறுப்பார். அவர் கை பட்ட இறைச்சியைப் பற்றி யாரும் இரண்டாம் கேள்வி கேட்டதில்லை. தேத்தண்ணிக் கடையில் மட்டும் சிலர் பகிடி பண்ணுவார்கள், காக்கா வளவில் கொழுக்க வைக்கிறார், பெருநாளுக்குக் கத்தியை எடுப்பார் என்று. அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போவார்.

வளவும் அவருடையதல்ல. அவர் மனைவி சித்தி நபீஸாவுக்குச் சீதனமாக வந்தது. மகள் ஸஹீதாவைக் கட்டிக்கொடுத்தபோது கல்வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, இருவரும் பின்பக்கத்துக் குடிலுக்கு மாறியிருந்தார்கள். குடிலுக்கும் வேலிக்கும் இடையில் கிடந்த நிலம்தான் மிருகங்களின் இடம்.

முதல் மான்குட்டி வந்தது ஜப்பான்காரனின் சண்டை இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால். கரடியனாற்றுக்கு அப்பால் போடியார் சுட்ட பிணைமானை ஆதம்பாவா அறுத்து உரித்தார். மடியில் பால் கட்டியிருந்தது. கத்தி பட்டதும் அவருடைய முழங்கைவரை வழிந்தது. சற்றுத் தள்ளிப் புல்லுக்குள் குட்டி உசும்பாமல் படுத்திருந்தது. போடியார் அதைக் காலால் சுட்டி, நரிக்கு நல்ல சாப்பாடு என்றார். ஆதம்பாவா கையைக்கூடக் கழுவாமல் அதைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டார். அதைத் தூக்கியது கை. அவர் அதைப் பின்னால் நின்று பார்த்ததுபோல்தான் இருந்தது.

குட்டி இரண்டு நாள் எதையும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டுப்பாலைச் சிரட்டையில் ஊற்றி, பெருவிரலைத் தோய்த்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அதன் வாய்க்குள் வைத்தார். அது சூப்பத் தொடங்கியது. அந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொல்லவில்லை. சோற்றில் கை வைக்கும்போதும், தோணியில் கால் வைக்கும்போதும், கதவின் தாளை நீக்கும்போதும் அவர் வாயில் தானாக வருகிற சொல். பாலுக்கும் வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தது. சில மாதங்களில் சிரட்டையைக் காணும் முன்பே, அந்தச் சொல்லைக் கேட்டதும் குட்டி துள்ளிக்கொண்டு வரப் பழகிவிட்டது. சித்தி நபீஸா அதைப் பார்த்து, "மனிசரவிட இதுக்கு மார்க்கம் தெரியும்" என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னாள். யாரும் அதில் பிழை காணவில்லை. காண என்ன இருந்தது.

ஒருமுறை தெருநாய் ஒன்று வேலி பாய்ந்து வந்து அதன் இடது காதைக் கிழித்தது. காயம் ஆறியும் காது இரண்டு துண்டாகவே நின்றது. கொம்பு முளைத்த பிறகு அவர் அதைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போய் விட்டார். திரும்பி வந்தது. மறுபடியும் கொண்டுபோனார். கடைசியில் வரவில்லை. வராத அன்று சித்தி நபீஸா வேலியடியில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இதற்குள் இன்னொரு குட்டியும் வந்திருந்தது. செங்கலடிப் பக்கத்து வயல் வட்டையில் காவலுக்கு இருந்த சாமித்தம்பி, நாய்கள் துரத்திப் பின்னங்கால் கிழிந்த பெண்மானைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். இதற்கும் அதே சிரட்டை, அதே விரல், அதே சொல்.

கப்பல் ஒன்று மட்டக்களப்புக் கடலில் குண்டுபட்டுத் தாழ்ந்த வருசம், அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்தது. காட்டிறைச்சிக்கு முன்னில்லாத கிராக்கி உண்டாயிற்று. தோட்டா கிடைப்பது அரிதானதால் போடியார் ஒரு வெடியையும் வீணாக்க விரும்பவில்லை. ஆடி மாதம், வில் என்று சொல்கிற காட்டுக் குளங்கள் வற்றிக்கொண்டு வரும் நேரம், அதிகாலையில் ஒரு வில்லின் கரையில் காற்றுக்கு எதிராகப் பதுங்கியிருந்தார்கள். மான் கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. போடியார் துவக்கைத் தோளில் ஏற்றி, குறி பார்த்து, எல்லாரும் சொல்வதுபோல் "பிஸ்மில்லாஹ்" என்றார்.

கூட்டம் தலை தூக்கியது. சத்தம் கேட்ட மான்கள் ஒரே பாய்ச்சலில் கிறுகி ஓடின. ஒன்று மட்டும் நின்றது. நின்று, காதை விரித்து, அவர்களை நோக்கி நடந்து வந்தது.

"இதென்னடா" என்றார் போடியார் மெல்ல. "மாப்புள வாறாப்போல வருது."

சுட்டார்.

ஆதம்பாவா ஓடினார். ஓடுவதுதான் அவருடைய வேலை. கிட்டப் போய்க் குனிந்தபோது பிளந்த காதைக் கண்டார். குண்டு நெஞ்சுக்குள் போயிருந்தது. சிம்பு வைத்துக் கட்டுகிற காயமல்ல. மூச்சு மட்டும் இருந்தது. பழக்கத்தில் கத்தியை உருவினார், பழக்கத்தில் பெயரைச் சொன்னார். மான் கழுத்தைத் திருப்பி, நாக்கை நீட்டித் தேடி, அவருடைய இடது பெருவிரலை வாய்க்குள் எடுத்துக்கொண்டது.

அவர் விரலை உருவவில்லை. மற்றக் கையால் அறுத்தார்.

போடியார் வந்து காதைப் பார்த்தார். ஊரில் அந்தக் காதைத் தெரியாதவர்கள் இல்லை.

"நீ வளத்ததா?"

"ஓம்."

"அதுதான் இறைச்சி இளசாக் கிடக்கு" என்றார் போடியார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். வழக்கம்போல் கழுத்துத் துண்டமும் ஈரலில் பாதியும் ஆதம்பாவாவுக்கு வந்தது. இலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். எந்த மான் என்று சித்தி நபீஸாவுக்குச் சொல்லவில்லை. அவள் மிளகு போட்டு ஆக்கினாள்.

பாயில் உட்கார்ந்து, சோற்றுப் பீங்கானில் கை வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்றார். வெளியே சருகு நொறுங்கியது. பெண்மான் குடில் வாசலுக்கு வந்து உள்ளே தலையை நீட்டியது.

அவர் சாப்பிட்டு முடித்தார். ஆனால் அந்தத் தலை அவருடைய கண்ணில் கிடந்தது. அன்று பின்நேரம் ஸஹீதாவின் சின்ன மகள், பேச்சு இன்னும் திருந்தாத பிள்ளை, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உம்மா பழக்கியபடி அந்தச் சொல்லைச் சொன்னாள். பெண்மான் வளவின் மறுமூலையிலிருந்து ஓடிவந்து பழத்தைப் பிள்ளையின் கையிலிருந்தே கவ்விக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆதம்பாவாவுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அது அவருடைய குரலுக்கு வரவில்லை. சொல்லுக்கு வந்தது. ஊரில் வாயுள்ள எல்லாரும் சொல்கிற சொல்லுக்கு, துவக்குத் தூக்குகிற ஒவ்வொருவனும் சொல்கிற சொல்லுக்கு வந்தது.

இப்படியே வளவில் வைத்திருக்கவும் வழியில்லை. போடியாரின் மகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம். போடியார் ஒருநாள் வேலியடியில் நின்று மானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூப்பன் காலத்தில் இப்படி ஒன்று வளவில் சும்மா நிற்பது ஊருக்கே அநியாயம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் போடியார் சிரித்துக்கொண்டு சொன்னதும் நடந்திருக்கிறது. கல்யாணத்துக்குள் மானைக் காட்டுக்கு அனுப்ப வேண்டும். இப்போதைய நிலையில் அனுப்பினால் அது முதல் வேட்டைக்காரனின் வாய்க்கு நேராக நடந்து வரும்.

முதலில் பேசாமல் தீன் போட்டுப் பார்த்தார். சொல்லை மனதுக்குள் வைத்துக்கொண்டார். பல நாள் அப்படிச் செய்தும் பயனில்லை. பக்கத்து வளவில் யாரோ சோற்றில் கை வைத்துச் சொன்ன சத்தத்துக்கு மான் வேலியில் போய் முட்டியது.

மறுகா ஒருநாள் காலை, பழைய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றையும் பூவரசங் கம்பையும் எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். மான் நிழலில் நின்றது. "பிஸ்மில்லாஹ்" என்றார். வந்தது. தகரத்தில் ஓங்கி அடித்தார். பதறி ஓடி, தூரத்தில் நின்று பார்த்தது. திரும்பவும் சொன்னார். திரும்பவும் வந்தது. எத்தனை தரம் தகரம் அடித்தாலும், அவருடைய பிழைக்கு மன்னிப்புக் கொடுப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. தகரம் போதாது என்று கண்டபின் கம்பால் விலாவில் அடித்தார். அடி பலமாகவே விழுந்தது.

சித்தி நபீஸா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவரிடம் அவள் குரல் உயர்த்திப் பேசுகிறவள் அல்ல.

"என்ன வேல இது? அந்தப் பேரச் சொல்லியா அடிக்கிற?"

"அந்தப் பேரச் சொல்லித்தான் சுடுறாங்க" என்றார் அவர்.

அவள் நின்றாள். பிறகு, இலையில் வந்த அந்த ஈரல் எதனுடையது என்று கேட்டாள். அவர் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு அவர் வளவுக்குள் இறங்கும்போதெல்லாம் உலக்கையை எடுத்து வெறும் உரலில் இடித்துக்கொண்டிருந்தாள்.

கதை பள்ளிவாசல்வரை போக நாள் எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற லெவ்வை, வயதான மனிதர், ஒருநாள் லுஹர்த் தொழுகைக்குப் பின் குடையோடு வந்து வேலியடியில் நின்றார். ஆதம்பாவா கம்பைக் கீழே போடவில்லை. லெவ்வை சண்டை பிடிக்க வந்தவரல்ல. நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். ஒரு வாயில்லாச் சீவனை அல்லாஹ்வின் பெயருக்கு அஞ்சி ஓடப் பழக்குவது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டார். வேறு ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லி அடிக்கக்கூடாதா என்றார்.

ஆதம்பாவா நடந்ததைச் சொன்னார். வில்லின் கரையை, காதை, விரலை எல்லாம் சொன்னார். அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். இன்னொருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு கேட்டார்:

"அதுக்குத் தொழுக கடமையா, லெவ்வை?"

லெவ்வை குடையை மடித்தார். விரித்தார்.

"அதுக்கில்ல" என்றார். "ஒனக்கிரிக்கி."

சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பதிலை ஆதம்பாவா பல நாள் வைத்துப் பார்த்தார். அதில் பிழை எதுவும் தென்படவில்லை. மறுநாளும் தகரத்தை எடுத்தார்.

மழை தொடங்கும்போது மான் பழகிவிட்டது. சொல் வாயில் தொடங்கியதுமே உடம்பு சிலிர்த்து, வேலியின் தூர மூலைக்குப் பாய்ந்தது. பழகியது மான் மட்டுமல்ல. கூழைக்கடா கழுத்தை உள்ளிழுத்தது. நீர்நாய்க் குட்டி பொந்துக்குள் புகுந்தது. ஸஹீதாவின் மகள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல், வாப்பப்பா நிற்கிறாரா என்று பார்த்தாள். சித்தி நபீஸா சோற்றுக்கு முன் உதட்டை மட்டும் அசைத்தாள். அவருக்கே, பீங்கானுக்கு முன்னால் அந்தச் சொல் வரும்போது வலது தோள் தானாக இறுகியது, ஓங்கப் போவதுபோல. வளவு முழுவதும் சத்தம் குறைந்து போயிற்று.

கல்யாணத்துக்கு முந்திய கிழமை மானைக் கூட்டிக்கொண்டு சாமித்தம்பியிடம் போனார். இருவரும் வட்டையைக் கடந்து, ஆற்றில் ஆழமில்லாத துறையால் இறங்கி, அக்கரைக் காட்டோரம்வரை நடந்தார்கள். ஆதம்பாவா வாய் திறக்காததால் மான் அவருடைய சாரனில் உரசிக்கொண்டே வந்தது.

"இது போகாது காக்கா" என்றார் சாமித்தம்பி. "உங்கட காலையே சுத்திக்கொண்டு கிடக்கு."

"போகும்."

ஆதம்பாவா குனிந்து அதன் பின்னங்காலின் பழைய தழும்பைத் தடவிப் பார்த்தார். காயம் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிற கை மட்டுமே அது. பிறகு நிமிர்ந்து, உரத்த குரலில், சொன்னார்.

மான் பாய்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பற்றைகள் கொஞ்ச நேரம் அசைந்து நின்றன.

சாமித்தம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும்.

"அது சரி காக்கா. எங்கட ஆக்கள் ஒண்டும் சொல்லாமத்தான் சுடுறவங்க. அவங்களிட்ட இருந்து எப்பிடித் தப்பும்?"

ஆதம்பாவா அதை யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. இருவரும் ஆற்றில் இறங்கித் திரும்பினார்கள். கல்யாணத்துக்குப் போடியார் மாடு அறுப்பித்தார். அறுத்தது ஆதம்பாவாதான்.

அடுத்த ஆடியில் போடியார் மறுபடியும் ஆள் அனுப்பினார். ஆதம்பாவா போனார். போகாமல் இருக்கலாமா என்று சித்தி நபீஸா கேட்டாள். வேறு யார் போவார்கள் என்று அவர் கேட்டார். இருவரும் கேட்டதோடு நின்றுவிட்டது.

அதே வில். தண்ணீர் போன வருசத்தைவிடக் குறைவு. கூட்டம் இறங்கியது. தூரத்தில் எல்லாம் ஒரே புள்ளியும் ஒரே நிறமுமாய்த் தெரிந்தது. தழும்பு தெரியும் தூரமல்ல. கூட்டத்தில் அவருடையது இருக்கிறதா, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அவரிடம் எந்த அடையாளமும் இல்லை. போடியார் துவக்கை ஏற்றினார். குறி பார்த்தார். "பிஸ்—" என்றார்.

ஒரு பிணைமான் அந்த இடத்திலேயே வெடித்ததுபோல் எழும்பியது. சொல் முடியுமுன் கூட்டம் முழுவதும் அதன் பின்னால் போய்விட்டது. வெடி தண்ணீரில் விழுந்தது. சேறு மட்டும் தெறித்தது.

ஆதம்பாவாவின் கால் பழக்கத்தில் இரண்டடி ஓடி நின்றது. ஓடிப் போவதற்கு அங்கே எதுவும் விழுந்து கிடக்கவில்லை. அந்த நேரம் அவருக்குள் ஏதாவது அசைந்திருக்க வேண்டும். அவர் தேடிப் பார்த்தார். கத்தியின் பிடி வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது, அது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

போடியார் தோட்டாக் கூட்டை வெளியே தட்டினார். கோபத்தைவிட யோசனைதான் அவர் முகத்தில் இருந்தது. சத்தத்தில்தான் கலைந்தது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆதம்பாவா, அந்தப் பேர மனசுக்குள்ள செல்லிச் சுட்டாக் கூடாதா?"

ஒரு வருசமாகச் சிரட்டையை நீட்டும்போதும் பீங்கானில் கை வைக்கும்போதும் மனதுக்குள்ளேயே சொல்லிவருகிற மனிதர் ஆதம்பாவா. அது கூடுமா கூடாதா என்று அவரும் யாரையும் கேட்டதில்லை.

"கூடா போடியார்" என்றார். "வாய்விட்டுத்தான் செல்லோணும். சத்தமாச் செல்லோணும்."

"லெவ்வையக் கேக்கட்டா?"

"கேளுங்க."

போடியார் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆதம்பாவா அறுத்த இறைச்சியில் இரண்டாம் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, சரி, பின்நேரம் வேறு வில்லைப் பார்ப்போம் என்று முன்னால் நடந்தார்.

லெவ்வையைக் கேட்டால் என்ன சொல்வார் என்று ஆதம்பாவாவுக்குத் தெரியாது. நடந்துகொண்டே, தான் சொன்னது பொய்யா என்று கொஞ்சத் தூரம் யோசித்தார். பிறகு பாதை ஒடுங்கி முள் வந்தது. சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்.

அன்று வெறும் கையோடு வீட்டுக்கு வந்தபோது வேலியடியில் ஒரு கடகம் இருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே, தொப்புள் இன்னும் காயாத சருகுமான் குட்டி ஒன்று, முயலைவிடச் சிறியது. சித்தி நபீஸா பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகி நின்றாள். அவர் விரலைத் தோய்த்து அதன் வாயில் வைத்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. உதடாவது அசைந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை. குட்டி சூப்பத் தொடங்கியது.